துண்டுக்கடியில் மூன்றாவது கை

கடைவாய்ப் பல் ஒன்றைக் காணவில்லை.

இருந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வாரக்கணக்கில் தாடையைக் குடைந்துகொண்டிருந்த சொத்தைப் பல் அது. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று வைத்தியர் சொல்லியாயிற்று. நாற்காலியில் யார் போய் உட்காருவது என்பதில்தான் இழுபறி. இப்போது பல்லும் இல்லை, வலியும் இல்லை, அவன் உட்காரவும் இல்லை. அப்படியானால் உட்கார்ந்தவன் மச்சான் வெள்ளியங்கிரி.

இரண்டாவதாக வந்தது சந்தேகம். வெள்ளியங்கிரியை அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். ஓசியில் தும்மக்கூட மாட்டான். அப்படிப்பட்டவன் அடுத்தவன் வலியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டான் என்றால், பின்னால் பெரிதாக ஏதோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம்.

"அமரா! உங்கண்ணன் பல்லப் புடுங்கிக்கிட்டானா?"

அவன் மனைவி அமராவதி அடுப்படியிலிருந்து தலையை நீட்டவில்லை. "எனக்கென்னுங் தெரியும்? ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கறதே ஒரு வாயி. அதுல எத்தன பல்லுன்னு நீங்கதான் எண்ணிக்கோணும்."

ஒரே உடம்பில் இருவர் குடியிருப்பது அப்போது ஈரோட்டில் அதிசயமில்லை. பெருந்துறை ரோட்டில் கார் கவிழ்ந்த அன்று சென்னியப்பன் இரண்டு விலா எலும்பு முறிவோடு பிழைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரியின் உடம்பு பிழைக்கவில்லை. ஆனால் எல்லோரையும் போல அவனும் தன் மனதின் நகலைப் பயனர் வாரியத்தின் பெட்டகத்தில் போட்டு வைத்திருந்தான். புது உடம்புக்கு வரிசையில் நின்றால் பேரன் காலத்தில் கிடைக்கும். வேறு வழி, சொந்தக்காரர் யாராவது தன் உடம்பில் இரண்டாவது பயனராக இடம் கொடுக்க வேண்டும். அண்ணனுக்காக அமராவதி அழுதாள். அழுகிற மனைவியிடம் பேரம் பேசத் தெரிந்த வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. சென்னியப்பன் சம்மதித்தான்.

பகல் அவனுக்கு, இரவு மச்சானுக்கு. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் உடம்பு கைமாறும். உள்ளே இருப்பவன் தன்னைப் பூட்டிக்கொண்டு ஒதுங்குவான். அடுத்தவன் பூட்டைத் திறந்துகொண்டு வருவான். பூட்டியிருப்பவனுக்கு எதுவும் கேட்காது, எதுவும் தெரியாது. இருவரும் மஞ்சள் மண்டிக்காரர்கள். சென்னியப்பன் பகலில் விவசாயிகளுக்காக விற்பான், வெள்ளியங்கிரி இரவில் வெளிநாட்டுக்காரர்களுக்காக வாங்குவான். தூக்கத்தைக்கூடப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது என்பதால், அடுத்தவன் காதுக்குக் குரலில் ஒரு வரி பேசி வைத்துவிட்டுப் போகிற வசதி இருந்தது. அதைச் சண்டைக்கு மட்டுமே பயன்படுத்திவந்தார்கள்.

அன்று சாயங்காலம் முதல்முறையாக அதில் ஒரு நன்றி வந்து விழுந்தது. "மச்சான், பல்லு வெசயத்துல ரொம்ப சந்தோசமுங். பதிலுக்கு என்ன எதிர்பாக்கறீங்கன்னு இப்பவே சொல்லிருங்."

காலையில் பதில் கிடந்தது. "மாப்ள, நன்றி நாந்தான் சொல்லோணும். புடுங்கிக்கிட்டது நீங்க. உங்களுக்கு என்ன வேணும்? சுத்தி வளைக்காதீங்."

இரண்டு நாள் நன்றியால் அடித்துக்கொண்ட பிறகுதான் இருவருமே நாற்காலியில் உட்காரவில்லை என்பது வெளியானது. இந்த வீட்டில் சும்மா ஒரு காரியம் செய்கிற ஆள் கிடையாது. எனவே உள்ளே மூன்றாவதாக யாரோ இருக்கிறான் என்று இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒரே மூளை என்பதால் அதில் ஆச்சரியமில்லை.

பயனர் வாரியத்திலிருந்து நிலோஃபர் என்ற பெண் வந்தாள். சென்னியப்பனின் காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டிவிட்டு, மடியிலிருந்த திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"சென்னியப்பன், உள்ள, முழிச்சிருக்கார். வெள்ளியங்கிரி, உள்ள, பூட்டியிருக்கார். மூணாவது..." அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "கெஸ்ட்டுங் சார். விருந்தினர் கணக்கு, யாரோட நகலும் இல்லாத வெத்துக் கணக்கு. போன பங்குனியிலிருந்து உள்ள இருக்கார். இது மாசி. யார் தொறந்து விட்டது?"

சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்தான்.

"சார்?"

"மாரியம்மன் நோம்பிக்கு உடம்பு யாருக்குன்னு ஒரு சின்ன பேச்சு வார்த்தைம்மா. ரெண்டு பேருக்கும் பகல்தான் வேணும். ஆளாளுக்குக் குரல்ல பேசி வெச்சுத் தீரல. அப்பறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சுக்கற வசதி இருக்குதுல்ல..."

"ரெட்டை லாகின். அது ஆஸ்பத்திரி அவசரத்துக்குக் குடுத்தது."

"எங்களுக்கும் அவசரந்தான். வலது கை எனக்கு, எடது கை மச்சானுக்கு. மேல துண்டப் போட்டு வெரலப் புடிச்சுப் பேசுனோம்."

நிலோஃபருக்குப் புரியாமல் இல்லை. துண்டுக்கடியில் விரலைத் தொட்டு விலை பேசுவது மாட்டுச் சந்தையிலிருந்து மண்டிக்கு வந்த பழக்கம். எந்தத் திரையையும் எவனாவது எட்டிப் பார்த்துவிடுவான். துண்டுக்கடியில் எட்டிப் பார்க்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் ஒரே ஆள் தன் வலது கையால் இடது கை விரலைப் பிடித்து நெரித்துக்கொண்டு, தனக்குத்தானே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்ததும் அவளுக்கு உதடு கோணியது.

"சரி. அதுக்கு எதுக்கு கெஸ்ட்டு?"

"தரகர் இல்லாம வெல எப்படிம்மா தெகையும்?" என்றான் சென்னியப்பன், குழந்தைக்குச் சொல்வதைப் போல. "ரெண்டு கை மட்டும் இருந்தா அது சண்ட. மூணாவது கை விழுந்தாத்தான் யாவாரம். அந்தாளு வந்தாரு, எங்க கையவே வாங்கி ரெண்டு வெரலத் தொட்டாரு. காலைல கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறது எனக்கு, மத்தியானம் பொங்கல் மச்சானுக்குன்னு ஒரே நிமிசத்துல முடிச்சுக் குடுத்துட்டாரு. தங்கமான தரகரு."

"அப்பறம் ஏன் லாக் அவுட் பண்ணல?"

சென்னியப்பன் மறுபடி ஜன்னலைப் பார்த்தான். இது மண்டியில் பிறந்தவனுக்கு மட்டுமே விளங்கும் சங்கதி. தரகரைக் கூப்பிட்டவன்தான் அவரை வழியனுப்பி வைக்க வேண்டும். கூப்பிட்டவன் யார் என்றால், அவசரக்காரன். அவசரக்காரன் என்று ஒருதடவை பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் அவன் சரக்கை இறக்கித்தான் கேட்பார்கள். எனவே சென்னியப்பன், கூப்பிட்டது மச்சான்தான் என்று விட்டுவிட்டான். வெள்ளியங்கிரி, கூப்பிட்டது மாப்பிள்ளைதான் என்று விட்டுவிட்டான். தரகர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், பதினோரு மாதமாக.

"சாயங்காலமானா உடம்பு சுடுதுங்களா?" என்றாள் நிலோஃபர்.

"லேசா காய்ச்சலாட்ட வரும். ஏம்மா?"

"ரெண்டு பேர் தாங்கற மூளைல மூணு பேர். இன்னும் கொஞ்ச நாள் போனா ஒருத்தருக்கும் எடம் இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தர் எறங்கியாகணும். ரெண்டு பேர் பதிஞ்ச ஆளுங்க. கெஸ்ட்டுக்குப் பெட்டகமும் கெடையாது, நகலும் கெடையாது. லாக் அவுட் பண்ணினா சிலேட்ட எச்சி தொட்டு அழிச்ச மாதிரி."

"அவ்வளவுதானா? இப்பவே அழிச்சு உட்ருங். வாடக குடுக்காம ஒரு வருசமாக் குடியிருந்துருக்கான்..."

"வேண்டாம்!"

அடுப்படியிலிருந்து வந்த குரல். அமராவதி கையில் கரண்டியோடு நின்றாள்.

"அந்தாள உனக்குத் தெரியுமா?" என்றான் சென்னியப்பன்.

"தெனம் ரெண்டு வேளையும் தெரியும்."

"ஏண்டி சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? ஆறு மணிக்கு டக்குனு பூட்டிக்கறீங்க. அண்ணன் ஆறு மணிக்கு வருதா? அது வராது. காலைல நீங்களும் வர்றதில்ல. மொதல்ல வர்றவன் தலைல முதுகு வலி, பசி, நெஞ்செரிச்சல் எல்லாம் விழுமுன்னு ஆளாளுக்கு அர மணி, முக்கா மணி உள்ளயே பதுங்கிக்கறீங்க. அந்த நேரத்துல இந்த உடம்பு சேர்ல பொம்மையாட்ட உக்காந்துருக்கும்னு நெனச்சீங்களா? பல்லு, ஊசி, ரத்தப் பரிசோதன, எங்க சின்னம்மா வந்து முக்கா மணி நேரம் அழுதது, எல்லாத்துக்கும் உக்காந்தது அவருதான்."

சென்னியப்பன் யோசித்தான். மண்டியில் அவன் யோசிக்கும் முகத்தைப் பார்த்தால் எதிராளி பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். "ஏம்மா நிலோஃபரு," என்றான் மெதுவாக, "அந்தாள அழிக்காம, இந்த வலி சமாச்சாரத்துக்கு மட்டும் வெச்சுக்க முடியாதா?"

கரண்டி தரையில் விழுந்தது. விழுந்ததா, வீசப்பட்டதா என்று கேட்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

மணி ஆறு அடித்தது. சென்னியப்பன் பூட்டிக்கொள்ள இவ்வளவு அவசரப்பட்டதே இல்லை.

உடம்பு நாற்காலியில் ஒரு மூச்சு அடங்கி இருந்தது. பிறகு முதுகு நிமிர்ந்தது, தோள் தணிந்தது, இரண்டு கைகளும் முழங்காலில் சரிசமமாக வந்து உட்கார்ந்தன. கண்கள் திறந்து நிலோஃபரைப் பார்த்தன.

"வாங்கம்மா. வந்த புள்ளைக்குத் தண்ணி குடுத்தாங்களா?"

"இவருதான்," என்றாள் அமராவதி. "நான் ஒறம்பரைன்னு கூப்படறது." வீட்டுக்கு வந்து தங்கும் சொந்தத்துக்குக் கொங்கில் அதுதான் பேர்.

நிலோஃபர் இந்த வேலையில் எத்தனையோ உடம்பு பார்த்தவள். ஒரே முகத்தில் இப்படி வேறு ஆள் வந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. "சொந்த ஞாபகமே இல்லாம எப்படிப் பேசறீங்க?"

"கை பழகுனது, நாக்கு பழகுனது, காது கேட்டது இருக்குதுங்களே. ரெண்டு பேரும் உட்டுட்டுப் போன மிச்சம் நானு." அவர் சிரித்தார். காலி இடத்தோடு வாய் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. "பல்லக் கேக்கப்போறீங்க. அவருக்கும் வேண்டாம், இவருக்கும் வேண்டாம், பல்லும் சும்மா இருக்க மாட்டேங்குது. நடுவுல நிக்கறவன்தானுங்க போய் உக்காரோணும்."

வெள்ளிக்கிழமைச் சேதியை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நாயந்தானுங். உடம்பு அவங்களுது. பேச்சு முடிஞ்சா தரகன் எந்திரிச்சுப் போகோணும்."

"உங்களுக்கு ஒண்ணுமே வேண்டாமா?" என்றாள் அமராவதி.

"தரகனுக்கு வேணுங்கறது இருந்தா அப்பறம் அவன் தரகனா, பார்ட்டியா?" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். வாசலில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. "ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கறனுங். இந்த மத்தியானம், மத்தியானம்ங்கறாங்களே. அது எப்படிங்க இருக்கும்?"

காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் தவிர அந்த மனிதர் எதையுமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நிலோஃபருக்கு உறைத்தது. சூரியன் என்றால் அவருக்கு எப்போதும் சுவரோரம் சிவப்பாகக் கிடப்பது.

"ஒரு வழி இருக்குக்கா," என்றாள் அவள். "பதிஞ்ச பயனரா வேற உடம்புக்கு மாத்தலாம். அந்த உடம்புல எடம் காலியா இருக்கணும், உடம்புக்காரங்க சம்மதிக்கணும். கெஸ்ட்ட தொறந்து விட்டவங்களும் சம்மதிக்கணும். ஆனா முன்னப் பின்ன தெரியாத ஒருத்தருக்கு யார் எடம் குடுப்பாங்க?"

"முன்னப் பின்ன தெரியாதவருன்னு யாரு சொன்னா?" என்றாள் அமராவதி. "எங்கிட்ட ஒரு எடம் காலியாத்தான கெடக்குது."

ஒறம்பரை நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரே உடம்புல இருக்கறவங்க மொகம் பாத்துக்க முடியாது. இந்தப் பேச்சு இருக்காது. சாயங்காலம் நீங்க ஒரு வாயி சொல்றதும், நான் ஊம் கொட்டறதும், எல்லாம் போயிரும்."

அமராவதி கீழே கிடந்த கரண்டியை எடுத்துத் துடைத்தாள். புருஷன் பகலெல்லாம் மண்டியில். ராத்திரி அதே முகத்தில் அண்ணன். கையைப் பிடிக்க வந்தால் எந்தக் கை என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிற வீட்டில், இரண்டு வேளையும் அந்த அரைமணி நேரத்தில்தான் அவளை ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தார். அதை இழந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும். காப்பாற்றாவிட்டாலும் அது போகத்தான் போகிறது.

"யோசிச்சாச்சுங்," என்றாள். "நட்டத்துல வித்தாலும் சரக்கு அழுகாம இருக்கோணும்."

வியாழக்கிழமை மத்தியானம் பஞ்சாயத்து. நிலோஃபர் வேண்டா வெறுப்பாக இரட்டை லாகினைத் திறந்து வைத்து, கால் மணி நேரத்துக்கு மேல் போனால் மூளை வெந்துவிடும் என்று எச்சரித்தாள். வலது கை சென்னியப்பனுக்கு, இடது கை வெள்ளியங்கிரிக்கு. வாய் பொது, முந்தியவனுக்குச் சொந்தம்.

"எஞ்சம்சாரத்து உடம்புல இன்னொரு ஆம்பளையா?" வாயை முதலில் பிடித்தது சென்னியப்பன்.

"அம்மிணி, ஊரு சிரிக்கும்," என்றது அதே வாய் வெள்ளியங்கிரியாகி. "மாப்ள சொல்றதுதான் நாயம்."

இருவரும் எதிலும் ஒத்துப்போனதே இல்லை. இதில் ஒத்துப்போனார்கள்.

"ஏனுங்," என்றாள் அமராவதி புருஷனிடம், "உங்க உடம்புல எங்கண்ணன் ஏறுனப்ப ஊரு சிரிக்குமுன்னு நான் சொன்னனா? அண்ணா, நீ ஏறுனப்ப யாரு எடங்குடுக்கச் சொன்னா, நானா ஊரா?"

வாய் திறந்தபடி இருந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"அதில்ல அம்மிணி," என்றது கடைசியில் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. "அந்தாளு இங்கயே இருந்தா எல்லாருக்கும் சௌரியந்தான? வலி வந்தா அவரு, எழவு வந்தா அவரு..."

"வலிக்கு ஒரு ஆளு, எழவுக்கு ஒரு ஆளு, சிரிக்க மட்டும் நீங்களா?"

"இங்க இருக்க முடியாது," என்றாள் நிலோஃபர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "பாதி நேரம் போயிருச்சு."

அமராவதி புருஷன் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த இன்னொன்றை உருவிக்கொண்டாள். மண்டியில் துண்டு போட்ட பெண் அதுவரை கிடையாது. வலது கையின் மேல் ஒன்று, இடது கையின் மேல் ஒன்று. துண்டுக்கடியில் தன் இரண்டு கைகளையும் விட்டாள்.

"தரகரு?" என்றது வாய், பழக்க தோஷத்தில்.

"இந்தப் புள்ள நிக்குது," என்றாள்.

"அக்கா, எனக்கு வெரல் பாஷை தெரியாது!"

"தெரியாதவங்கதான் நேர்மையா இருப்பாங்க. நில்லு சும்மா."

அடுத்த சில நிமிடங்களில் என்ன நடந்தது என்பது துண்டுகளுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்ததெல்லாம் ஒரே முகம்: வலப் புருவம் ஏறியது, இடப் புருவம் இறங்கியது, ஒரு பக்கம் கெஞ்சியது, ஒரு பக்கம் முறைத்தது. ஒருதடவை "ஆவ்" என்றது. யார் விரல் நெரிபட்டது என்று தெரியவில்லை. அமராவதியின் முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசைவு இருக்காது. அப்பனும் அண்ணனும் புருஷனுமாக மூன்று வியாபாரிகளுக்குச் சோறு போட்டவள். அந்த மூன்று பேரும் எந்த இடத்தில் இளகுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

துண்டுகள் விலகின. தெகைந்த விலை இது: அவனவன் ஆறு மணிக்கு அவனவன் வர வேண்டும். அவனவன் வலி அவனவனுக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு யாரும் அமராவதியை எதிர்பார்க்கக்கூடாது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அவள் உடம்பு ஒறம்பரைக்கு.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஒறம்பரை கடைசியாக அந்த முகத்தில் வந்தார். சொல்லிக்கொள்ள நிறைய இருந்தது போலவும் இருந்தது, ஒன்றுமில்லை போலவும் இருந்தது.

"தலவலி ஏதாச்சு உங்களுக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டார். "இல்ல, உள்ள வர்றதுக்கு முன்னால கேட்டுக்கலாமுன்னுதான்."

"குதிகால் வலி உண்டுங். நான் வெச்சுக்கறேன், உங்களுக்குத் தள்ள மாட்டேன்."

"பாதி பாதியா வெச்சுக்கலாமுங்கம்மா," என்றார் தரகர்.

நிலோஃபர் வில்லையை ஒட்டினாள். அந்த முகம் அணைந்தது. அதன் பிறகு அமராவதி அவரைப் பார்க்கவில்லை.

கேட்கமட்டும் முடிந்தது. தினமும் இரண்டு மணிக்கு அவள் திரும்பி வரும்போது ஒரு வரி காத்திருக்கும். அவள் குரலே அவளை மரியாதையாகக் கூப்பிடும். "ஏனுங்கம்மா, மத்தியானத்துல நெழல் காலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குதுங். நான் தேடிப் பயந்துட்டேன்." மறுநாள், "பக்கத்து வூட்டம்மா உங்க மேல கோவமா இருந்தாங்க. பேசி முடிச்சுட்டேன். என்ன கோவம்னு கேக்காதீங்." அவளும் பதிலுக்கு ஒரு வரி வைப்பாள். ஊம் கொட்டுவதற்கு மட்டும் ஆள் இல்லை. சொல்லிவிட்டு ஒரு நாள் பொழுது காத்திருக்க வேண்டும். பேச்சாக இருந்தது இப்போது தபாலாகிவிட்டது. குதிகால் வலி மட்டும் உண்மையிலேயே பாதியாகியிருந்தது.

ஊரும் பழகிக்கொண்டது. மத்தியானத்தில் அமராவதியைத் தேடி வந்தவர்கள், "ஒறம்பரைங்களா?" என்று கேட்டுவிட்டு, வந்த காரியத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லிவிட்டுப் போனார்கள். தரகரிடம் சொன்னால் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்பது ஈரோட்டில் எழுதாத சட்டம்.

சித்திரை வந்தது. ஈரோட்டுச் சித்திரை எப்படிப்பட்டது என்பதை ஈரோட்டுக்காரர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. ஒருநாள் அவள் காதில் அவள் குரல் தளர்ந்துபோய்ச் சொன்னது: "ஏனுங்கம்மா, இதுக்கா இத்தன ஆசப்பட்டேன்! தார் ரோடு ஒழுகுது. காக்கா வாயத் தொறந்துட்டு உக்காந்துருக்குது. ஆடி பொறக்கற வரைக்கும் மத்தியானத்த நீங்களே வெச்சுக்கோங். நான் பாத்த அந்த ஆறு மணிச் சூரியனே தேவலாமுங்."

அமராவதி வெகுநேரம் சிரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு அவள் ராகி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அந்த நேரத்தில் வீட்டுக்கு வராத சென்னியப்பன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படி வாசலில் நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி நின்றான். சொந்த வீட்டில் அவன் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

"வணக்கமுங்," என்றான். "வேலையா இருக்கீங்களாட்ட இருக்குது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனாக அந்த வாயிலிருந்து ஒரு 'ங்க' அவள் பக்கம் வந்து விழுந்ததில்லை. நான்தான் என்று சொல்ல அமராவதி வாயெடுத்தாள். அதற்குள் அவன் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஊரே வந்து உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகுதாம். நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறனுங். யாவாரம் இல்ல, வேற." துண்டால் முகத்தைத் துடைத்தான். "காலைல நான் நேரத்துக்கு வர்றதில்லன்னு அவளுக்குக் கோவம். முதுகு வலிக்குப் பயந்துட்டுப் பதுங்கறேன்னு நெனச்சுட்டா. மச்சான் வேணா அதுக்குப் பதுங்குவாரு. நான் அதுக்கில்லீங்."

மாவு பிசைந்த கை நின்றது.

"கண்ணத் தொறந்தா எதுக்க அவ நிப்பாளுங். நான் 'அமரா'ன்னா பொண்டாட்டி மூஞ்சி வரும். மச்சான் 'அம்மிணி'ன்னா தங்கச்சி மூஞ்சி வரும். ஆனா வாயத் தொறக்கறதுக்கு முன்னால ஒரு நொடி இருக்குதுங் பாருங்க. வந்துருக்கறது யாருன்னு அவளுக்குத் தெரியாத நொடி. அப்ப அந்த மூஞ்சில ஒண்ணுமே இருக்காதுங். கடைல பொருள் எடுத்து வெக்கறதுக்கு முன்னால அலமாரி இருக்குமல்லங், அந்த மாதிரி." அவன் குரல் இறங்கியது. "என்னப் பாத்து அவ அப்படி நிக்கறத என்னால பாக்க முடியலீங். அதுக்குத்தான் தள்ளித் தள்ளி வந்தது. இப்ப ஒப்பந்தப்படி ஆறுக்கே வந்தரறேன். கண்ண மூடிட்டே 'அமரா'ன்னு கூப்புட்டுட்டு, அதுக்கப்பறந்தான் தொறக்கறது."

அமராவதி மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதில் அப்போது இருந்ததைத் தரகர் மூஞ்சி என்று எந்த வியாபாரியும் நம்பமாட்டான்.

அவன் எழுந்தான். செருப்பை மாட்டினான். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான்.

"இத அவகிட்டச் சொல்லிராதீங்."

"சொல்ல மாட்டனுங்," என்றாள் அமராவதி.